கூத்தின் அடுக்கும் மக்களின் உரிமையும்

ஒரு கலைப்படைப்பில் எது முன்னே வரவேண்டும், எது பின்னே வரவேண்டும் என்பது படைத்தவனின் தனிப்பட்ட விருப்பம் என்றே பலரும் எண்ணுகின்றனர். பாட்டுகள் அவையேதாம், அவற்றை எந்த ஒழுங்கிற் பாடினால் என்ன என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி எளிமையானதுபோலத் தோன்றினும் இதற்கு வரலாறு தரும் விடை எளிமையானதன்று. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது, எதை வெட்டி எறிவது என்னும் தீர்மானம் எவர் கையில் இருக்கின்றதோ, அவர் கையிலேயே அக்கலையின் எதிர்காலமும் இருக்கின்றது. இதனை நாம் முதலில் மேல்நாட்டு உதாரணம் ஒன்றினாலும், பின்னர் நமது மட்டக்களப்பு மண்ணின் கூத்தினாலும் ஆராய்வோம்.

உலகெங்கும் இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்த பீற்றில்ஸ் என்னும் றொக் இசைக்குழுவை அறியாதார் இலர். இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில், பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்களிற் பிறந்த நான்கு இளைஞர் சேர்ந்த குழு அது. 1966-ஆம் ஆண்டு ‘ரிவோல்வர்’ என்னும் இசைத்தட்டை அவர்கள் வெளியிட்டனர். இங்கிலாந்தில் வெளிவந்த அத்தட்டிற் பதினான்கு பாட்டுகள் இருந்தன. அதே பெயரில், அதே அட்டையுடன் அமெரிக்காவில் விற்கப்பட்ட தட்டிலோ பதினொரு பாட்டுகளே இருந்தன. எஞ்சிய மூன்றையும் அமெரிக்கக் கம்பனி முன்னரே எடுத்து வேறொரு தட்டிற் சேர்த்து விற்றுவிட்டது. ஒரு தட்டிலுள்ள பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் கொடுக்கவேண்டிய உரிமைப்பணம் குறையும்; மிஞ்சிய பாட்டுகளைச் சேர்த்தால் விற்பதற்கு இன்னொரு தட்டுக் கிடைக்கும். இதுவே அந்த வெட்டுக்குப் பின்னால் நின்ற கணக்கு.

வெட்டப்பட்ட மூன்றும் ஜோன் லெனன் முன்னின்று பாடியவை. அதனால் அமெரிக்கத் தட்டில் அவர் முன்னின்று பாடிய பாட்டுகள் இரண்டே எஞ்சின. 1987-இல் அக்குழுவின் படைப்புகள் குறுந்தட்டுகளாக வெளிவந்து, இங்கிலாந்தின் ஒழுங்கே எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கப்படும்வரை, அதாவது ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள், அமெரிக்க இளைஞர் கேட்டது கம்பனி அடுக்கிய ‘ரிவோல்வ’ரையே. இரண்டு நாட்டு இரசிகர்களும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வேறு படைப்புகளை வியந்துகொண்டிருந்தனர். பின்னர் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டபோதுதான் லெனனின் பங்கு பற்றிய மதிப்பீடே மாறவேண்டியதாயிற்று.

இன்னுமொரு செய்தி. அதே குழுவின் ‘லெட் இட் பீ’ 1970-இல் வெளிவந்தது. அதில் தமக்குத் தெரியாமற் பெரும் வாத்தியக் கோவையும் குரற்குழுவும் சேர்க்கப்பட்டதைப் போல் மக்கார்ட்னி ஏற்கவில்லை. 2003-இல் அச்சேர்க்கைகள் களையப்பட்டு, இரண்டு சிறு துண்டுகள் நீக்கப்பட்டு, முன்னர் விடுபட்ட பாட்டொன்று சேர்க்கப்பட்டு, பாட்டுகளின் ஒழுங்கும் மாற்றப்பட்டு அது மீண்டும் வெளிவந்தது. 1970-இன் தட்டில் இறுதியாக நின்ற பாட்டு 2003-இல் முதலாவதாயிற்று. எது சரியான ஒழுங்கு என்று இரசிகர் இன்றும் வாதாடுகின்றனர். இவ்வாதம் வீண்பொழுதுபோக்கன்று. கலையைப் படைப்போர், அதை விற்போர், அதை அனுபவிப்போர் என்னும் மூவருள் அடுக்கும் உரிமை யாருக்கு என்பதே அதன் உட்பொருள்.

இனி நமது மண்ணுக்கு வருவோம்.

இரவின் ஒழுங்கும் பாட்டின் ஒழுங்கும்

கல்குடாவின் கடற்கரையை விட்டு வாழைச்சேனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவில் கிரான், சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி என ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒருபுறம் கடலும், மறுபுறம் வாவியும் வயலுமாக நீளும் இப்பகுதி கூத்தின் தாய்மடிகளுள் ஒன்று. வேளாண்மை வெட்டு முடிந்து களம் ஓய்ந்த காலத்தில், உழவரும் மீனவரும் கூலியாளரும் தம் கால்களிற் சதங்கை கட்டி ஆடிய கலை இது. எழுத்தறியாதாரும் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெஞ்சில் நிறுத்தி ஆடினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். இவற்றோடு விலாசம், வசந்தன், மகுடி, பறைமேளக் கூத்து முதலியனவும் இங்கு வழங்கிவந்துள்ளன. பாரத, இராமாயணப் போர்க்கதைகள் வடமோடியிற் பெரிதும் ஆடப்படும். ஊரின் நடுவே மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களரியே அரங்கு. சுற்றிலும் மக்கள் இருப்பர். மத்தளத்துடன் அண்ணாவியார் நிற்பார். ஏடு பார்ப்பவரும் தாளம் போடுபவரும் பிற்பாட்டுக்காரரும் அவருடன் நிற்பர். இரவு தொடங்கிய கூத்து விடியும்வரை நடக்கும்.

இக்கூத்து ஓர் இரவில் முளைத்துவிடுவதன்று. யார் யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்து, அவரவர்க்குரிய பாட்டை ஏட்டிலிருந்து எடுத்துக்கொடுப்பது ‘சட்டங் கொடுத்தல்’ எனப்படும். பின்னர் சதங்கை அணியும் சடங்கு, அதன்பின் கிழமைதோறும் பழகும் கிழமைக்கூத்து, பின்னர் ‘அடுக்குப் பார்த்தல்’, அதன்பின் அரங்கேற்றம், இறுதியில் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். இவ்வாறு மாதக்கணக்காக ஊர் முழுவதும் ஈடுபடும் பெருமுயற்சி அது.

இவற்றுள் ‘அடுக்குப் பார்த்தல்’ என்னும் சொல்லை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். அரங்கேற்றத்துக்கு முன்னர் கூத்து முழுவதையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒழுங்காக ஆடிப்பார்க்கும் ஒத்திகையே அது. ஆட்டம் பார்த்தல் என்றோ பாட்டுப் பார்த்தல் என்றோ அதற்குப் பெயரிடாமல் அடுக்குப் பார்த்தல் என்று பெயரிட்டனர் நம் மக்கள். தனித்தனிப் பாட்டும் தனித்தனி ஆட்டமும் எவ்வளவு சிறந்தனவாயினும், அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போதே கூத்தாகின்றன என்னும் கலைக்கொள்கை அச்சொல்லிற் பொதிந்துள்ளது. அவ்வடுக்கைப் பார்த்துக் குறைநிறை கூறியது ஊரே ஆகும்.

அந்த அடுக்கு எத்தகையது? முதலிற் கடவுள் வணக்கம். பின்னர் கட்டியகாரன் வருவான். அதன்பின் அரசரும் பிறரும் ஒருவர்பின் ஒருவராக வருவர். ஒவ்வொருவருக்கும் வரவு விருத்தம் உண்டு. வரவு தரு உண்டு. தாளக்கட்டுக்கு ஆடும் வரவாட்டம் உண்டு. இவ்வாறு வந்தோர் கொலுவிருப்பர். பின்னர் கதை விரியும், தர்க்கம் மூளும், தூது நடக்கும், போர் எழும். போரும் வீழ்ச்சியும் புலம்பலும் விடியலை அண்டி வரும். மங்களம் பாடும்போது பொழுது புலர்ந்திருக்கும்.

இவ்வொழுங்கு இரவின் ஒழுங்கோடு இணைந்தது. முன்னிரவில் எல்லோரும் விழித்திருக்கின்றனர். சிறுவர் முன்வரிசையில் இருக்கின்றனர். உறவினர் தம் பிள்ளை எப்போது களரி ஏறுவான் என்று காத்திருக்கின்றனர். அது வரவுகளுக்குரிய பொழுது. நள்ளிரவிற் சிறுவர் பாய்களில் உறங்கிவிடுவர்; கதையை அறிந்த பெரியோர் தர்க்கத்தைச் சுவைப்பர். கண்கள் சிவந்து உடல் களைத்த பின்னிரவிலே போர்ப்பறை கேட்டு உறங்கினோர் எழுவர். உடலின் களைப்பும் கதையின் துயரமும் ஒன்றாகும் அவ்வேளையில் வீரன் வீழ்வான். இதனை எந்த நாடக இலக்கண நூலும் நம் அண்ணாவிமார்க்குக் கற்பிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் களரியிற் கற்ற அறிவு அது.

இசைத்தட்டும் இவ்வாறே. ஒரு நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடங்களே ஓடும். ஆகவே முதற்பக்கத்தின் தொடக்கம், அதன் முடிவு, தட்டைத் திருப்பியபின் வரும் தொடக்கம், இறுதி முடிவு என நான்கு முக்கிய இடங்கள் இயல்பாகவே பிறந்தன. எந்தப் பாட்டு எவ்விடத்துக்கு என்பதைக் கலைஞர் அதற்கேற்பவே சிந்தித்தனர். 1980-களிற் குறுந்தட்டு வந்தபோது திருப்பும் வேலை ஒழிந்தது. நடுவிலிருந்த மூச்சும் ஒழிந்தது. கலத்தின் வடிவம் மாறும்போது அதிலுள்ள நீரின் வடிவமும் மாறுவதுபோல, கலையைத் தாங்கும் பொருளியல் அடிப்படை மாறும்போது கலையின் ஒழுங்கும் மாறுகின்றது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டே கூத்துக்கு நேர்ந்த மாற்றத்தை நாம் மதிப்பிடவேண்டும்.

பேராதனையில் நிகழ்ந்த மாற்றம்

1956-ஆம் ஆண்டு இந்நாட்டின் வரலாற்றில் இரண்டு வகையில் நினைவுகூரத்தக்கது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றிய ஆண்டும் அதுவே. சிங்கள மக்களிடையே வழங்கிய நாடகம என்னும் கிராமிய அரங்கை, சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் கிராமியக் கலைஞரின் துணைகொண்டு அவர் புதுப்பித்தார். அந்த நாடகம என்னும் வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்பிய உண்மை. அரசியல்வாதிகள் இரு மொழியினரையும் பிரித்த அதே ஆண்டில், கலை இரு மொழியினரின் உறவைப் பறைசாற்றி நின்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. தமிழர்க்கும் தேசிய நாடக மரபொன்று வேண்டும். அது கூத்திலிருந்தே எழவேண்டும் என்று அவர் கருதினார். மட்டக்களப்பின் தென்மோடி நாடகமாகிய ‘அலங்காரரூபன்’ 1962-இல் அவரால் அச்சேறியது. அதே ஆண்டு ‘கர்ணன் போர்’ பல்கலைக்கழக மாணவரால் மேடையேறியது. தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன அத்தசாப்தத்திலேயே வந்தன. மட்டக்களப்பிலிருந்து சென்ற மாணவர் ஆடினர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். அம்மாணவருள் ஒருவர், வந்தாறுமூலையிற் கல்வி கற்றுச் சென்ற சி. மௌனகுரு. ‘இராவணேச’னை எழுதி இராவணனாக ஆடியவரும் அவரே.

இங்கேதான் பழைய அடுக்குக் குலைந்து புதிய அடுக்கு எழுந்தது. விடியவிடிய நடந்த கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி போய், ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. எதை வெட்டினர்? பெரும்பாலும் வரவுகளையும் திரும்பத்திரும்ப வரும் பாட்டுகளையும் ஆட்டங்களையுமே வெட்டினர். எதைக் காத்தனர்? கதையையும் பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தையும் காத்தனர்.

இந்த வெட்டுக்கு நியாயம் இருந்தது. வட்டக்களரியில் நாற்புறமும் மக்கள் இருப்பதால் ஆடுபவன் சுற்றிவந்து ஒரே ஆட்டத்தை எல்லாப் புறத்துக்கும் காட்டவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்திற் பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடினால்தான் கடைசியில் இருப்போனுக்குக் கேட்கும். ஆடுபவனுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒருபக்க மேடையில், ஒலிபெருக்கியின் முன்னால், இத்திரும்பல்களுக்குத் தேவை இல்லை. ஆகவே களரியில் உயிர்நாடியாக இருந்தது மேடையிற் கூறியது கூறலாயிற்று. குறை திரும்பலில் இல்லை. அரங்கு மாறியதில் இருக்கின்றது.

வரவின் கதையும் இதுவே. கதையை மட்டும் நோக்குவோர்க்கு வரவு ஒரு தாமதம். கர்ணன் எப்போது போருக்குப் போவான் என்று காத்திருப்பவனுக்கு, துரியோதனன் அரைமணி நேரம் ஆடிக்கொண்டிருப்பது பொறுக்காது. ஊரவர்க்கோ துரியோதனனாக வருபவன் அயல்வீட்டு உழவன். பகலெல்லாம் சேற்றில் நின்ற கால் இன்று சதங்கையுடன் வருகின்றது. நேற்று வயற்காரனிடம் கூலிக்குக் கைகட்டி நின்றவன் இன்று முடிதரித்துக் கொலுவீற்றிருக்கின்றான். அந்த அரைமணி நேரம் அவனுடையது. அதை வெட்டும்போது கதை விரைவுபெறுகின்றது. ஓர் உழைப்பாளி தன் ஊரின் முன் அரசனாக நின்ற நேரமும் அதனோடு வெட்டுப்படுகின்றது.

ஆதாயமும் இழப்பும்

இவ்வாறு கூறுவதால் வித்தியானந்தனின் பணியை நாம் குறைத்து மதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. அக்காலத்தை எண்ணிப்பார்க்கவேண்டும். ஆங்கிலம் படித்த தமிழ் நடுத்தர வர்க்கத்துக்குக் கூத்து என்பது படியாதவரின் ஆட்டம். நாடகம் என்றால் மேல்நாட்டு நாடகமும் இந்தியாவிலிருந்து வந்த பார்சிப் பாணி நாடகமுமே அவர்கள் கண்ட உலகம். அந்த வர்க்கத்தின் கோட்டையாகிய பல்கலைக்கழகத்துக்குள் ஓர் அண்ணாவியாரை ஆசானாக அழைத்துச் சென்றது சிறு செயலன்று. கூத்தில் ஆடவரே பெண்வேடம் தரித்த மரபிருக்க, பேராதனை மேடையில் மாணவியரும் ஆடினர். பாடசாலைகளிற் கூத்துப் போட்டிகள் பரவின. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964-இல் வெளிவந்து இப்பிரதேசத்தின் கலைச்செல்வத்தை நாடறியச் செய்ததும் இக்காலத்திலேயே.

மேலும், இந்தச் சுருக்கம் இல்லாதிருந்தால் முற்போக்குக் கூத்தும் எளிதில் எழுந்திராது. 1960-களின் இறுதியில் மௌனகுரு ‘சங்கார’த்தை எழுதினார். வடமோடி ஆட்டத்தின் வீறு அதிற் புராண மன்னர்க்குப் பயன்படவில்லை. சாதி, இனம், வர்க்கம் முதலிய கொடுமைகளை உழைக்கும் மனிதன் வெல்வதைக் காட்டப் பயன்பட்டது. 1968-இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் வடக்கை உலுக்கிய காலம் அது. அதனை ஒட்டி எழுந்த ‘கந்தன் கருணை’யும் கூத்து வடிவத்திலேயே மக்களைச் சென்றடைந்தது. பழைய அடுக்கைக் குலைக்கத் துணிந்தமையினாலேயே அதன் உறுப்புகளைப் புதிய பொருளுக்கு அடுக்கும் ஆற்றல் பிறந்தது.

ஆயினும் இழப்புகளையும் எண்ணாமலிருக்க முடியாது. முதலாவது, அடுக்கும் உரிமை கைமாறியது. களரியில் ஊர் அடுக்குப் பார்த்தது. மேடையில் நெறியாளர் அடுக்கினார். இரண்டாவது, பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே வட்டத்தில் இருந்த உறவு குலைந்து, ஒருவர் இருளிலும் மற்றவர் ஒளியிலுமாகப் பிரிந்தனர். மூன்றாவது, தேசிய மரபு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை வடமோடியும் தென்மோடியுமே. ஒடுக்கப்பட்ட சாதியினர் காத்துவந்த பறைமேளக் கூத்து அம்மேடைக்கு அழைக்கப்படவில்லை. பாட்டின் ஒழுங்கில் வெட்டு விழுந்ததைப் பேசும் நாம், கலைகளின் ஒழுங்கில் எது முதலாவதாக வைக்கப்பட்டது, எது பட்டியலுக்கு வெளியே விடப்பட்டது என்பதையும் பேசியாகவேண்டும்.

அதேவேளை, பழைய அடுக்கைப் பொற்காலமாகப் பாடுவதும் நமக்கு ஒவ்வாது. யாருக்கு அரச வேடம், யாருக்குச் சேவக வேடம் என்பதில் ஊரின் படிநிலை புகுந்ததே இல்லை என்று நேர்மையுள்ள எவரும் கூறார். பெண்கள் பாய்விரித்துப் பார்த்தனர், களரி ஏறவில்லை. ஏட்டிலிருந்த பல வரிகள் பெண்ணையும் எளியோரையும் இழித்துப் பேசின. விடியவிடிய நடந்தது என்பதனாலேயே ஒன்று மக்கள் கலையாகிவிடாது. மக்கள் என்போருள் யார் யார் அதில் இடம்பெற்றனர் என்பதே அளவுகோல்.

இரவு பறிபோன காலம்

கூத்தின் அடுக்கைக் குலைத்தவர் பேராசிரியர்கள் மட்டுமல்லர். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் வந்த போர் ஊர்களிடமிருந்து இரவையே பறித்தது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நிலவிய காலத்தில் விடியும்வரை களரியைச் சுற்றியிருப்பது எங்ஙனம் இயலும்? வந்தாறுமூலையில் 1981-இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986-இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்தின் வளாகத்தில், 1990 செப்டெம்பரில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். செல்லையா அண்ணாவியாரின் ஊர் அது. ஆட்டம் பழகவேண்டிய கால்கள் அகதிமுகாம்களுக்கு நடந்தன. கூத்தர் பலர் இறந்தனர், பலர் புலம்பெயர்ந்தனர், ஏடுகள் பல அழிந்தன. 2004 டிசெம்பர் 26-இன் ஆழிப்பேரலை கல்குடாக் கரையோரத்தையும் விட்டுவைக்கவில்லை.

இந்தப் பின்னணியிலேயே மீள்மதிப்பீடு எழுந்தது. 2000-களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவர்தம் தோழரும் ஊர்க்கூத்தரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியைத் தொடங்கினர். கூத்தைச் செம்மைப்படுத்தி நகர மேடைக்குக் கொண்டுசெல்வதை அவர்கள் நோக்கமாகக் கொள்ளவில்லை. கூத்து அதன் களரியிலேயே, அதன் மக்களிடையேயே மாறவேண்டும். எந்த வரி இருக்கவேண்டும், எந்த வரி மாறவேண்டும் என்பதை ஆடுவோரும் பார்ப்போரும் கூடியிருந்து விவாதிக்கவேண்டும் என்பதே அவர்தம் நிலைப்பாடு. பெண்ணையும் எளியோரையும் இழித்த வரிகள் அவ்வாறே கேள்விக்குட்பட்டன. வித்தியானந்தன் வழியில் நிகழ்ந்த செம்மையாக்கம் கூத்தை அதன் சமூகத்திலிருந்து பெயர்த்துவிட்டது என்னும் விமர்சனமும் இவ்வணியினரால் வன்மையாக முன்வைக்கப்பட்டது.

இதற்கு மறுபுறத்தில், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைத் தம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவரும், மேடைக் கூத்தை உருவாக்கியோருள் ஒருவருமாகிய மௌனகுருவும் ஓய்ந்திருக்கவில்லை. 2000-க்குப் பின்னர் ‘இராவணேச’னை அவர் மீண்டும் கையிலெடுத்துப் புதிய தலைமுறை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். தாம் இளமையில் ஆடிய படைப்பைப் பிற்காலத்தில் தாமே திருத்தி அடுக்கும் செயல் இது. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் தம் தட்டைத் திருத்தி வெளியிட்ட இசைக்குழுவின் செயலோடு இதனை ஒப்பிடலாம். ஒரு வேறுபாடும் உண்டு. தட்டைத் திருத்துவோன் பழைய தட்டை அழிப்பதில்லை, இரண்டும் கிடைக்கின்றன, கேட்போன் ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கின்றான். கூத்துக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. முழு அடுக்கையும் நெஞ்சில் தாங்கிய அண்ணாவியார் மறைந்தால் அவரோடு அந்த அடுக்கும் மறைகின்றது. எஞ்சியிருப்பது சுருக்கமானால், வருங்காலத்தார் சுருக்கத்தையே மூலமென்று நம்புவர். இருபத்தொரு ஆண்டுகள் வெட்டுண்ட தட்டை முழுத்தட்டென்று நம்பிய அமெரிக்க இளைஞரின் நிலைதான் நமக்கும் நேரும். திருத்திக்கொள்ள ஒரு மூலத்தட்டு நம்மிடம் இராது.

ஆசிரியர் முன்னுள்ள கடமை

இவ்வாதம் அறிஞரோடு முடிந்துவிடுவதன்று. பாடசாலைப் போட்டிக்காகக் கூத்துப் பழக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் இன்று ஓர் அடுக்குக்காரரே. போட்டிக்கு நேரக்கட்டுப்பாடு உண்டு. மணி அடித்ததும் ஆட்டம் நிற்கவேண்டும். ஆகவே வெட்டவேண்டியிருக்கின்றது. நாம் வெட்டாதீர் என்று கூறவில்லை. எதை வெட்டுகின்றோம் என்று அறிந்து வெட்டுக என்கின்றோம்.

வெட்டுவதற்கு முன் மாணவர் தம் ஊர்க் களரியின் முழு அடுக்கையும் அறியவேண்டும். ஊரில் உள்ள அண்ணாவியாரிடம் சென்று, வணக்கம் முதல் மங்களம் வரை எது எதன்பின் வருகின்றது, ஏன் வருகின்றது என்று கேட்டு எழுதவேண்டும். கைத்தொலைபேசியில் ஒலியையும் ஒளியையும் பதிவது இன்று சிறுவர்க்கும் எளிது. அவ்வாறு பதிந்தபின், எந்த வரவை விட்டோம், எந்தத் தருவைச் சுருக்கினோம் என்பதைக் குறித்துவைக்கவேண்டும். ஆட்டம் கற்பித்த அண்ணாவியாரின் பெயர் நெறியாளரின் பெயருக்கு முன்னே நிற்கவேண்டும். பெயர்களின் ஒழுங்கும் ஓர் ஒழுங்கே அல்லவா? பறை அடித்தோரின் கூத்தும், பெண்களின் ஆட்டமும் அந்தப் பட்டியலில் இடம்பெறவேண்டும்.

போர் ஓய்ந்தபின் பாசிக்குடா, கல்குடாக் கரைகளில் உல்லாச விடுதிகள் எழுந்துள்ளன. இரவுணவு வேளையிற் காட்டுவதற்குப் பதினைந்து நிமிடக் கூத்தொன்று தாருங்கள் என்று சந்தை கேட்குமாயின், அதற்கும் ஓர் அடுக்கு உருவாகும். அந்த அடுக்கில் தர்க்கம் இராது. வறியவன் அரசனாக நிற்கும் நேரம் இராது. சுழன்றாடும் சில ஆட்டங்களும் மின்னும் உடைகளுமே இருக்கும். உரிமைப்பணத்தைக் கணக்கிட்டு மூன்று பாட்டுகளை வெட்டிய கம்பனிக்கும் அத்தகைய சந்தைக்கும் வேறுபாடில்லை. அறிஞர் வெட்டியபோது ஒரு கொள்கைக்காக வெட்டினர். அதனோடு நாம் வாதிடலாம். சந்தை வெட்டும்போது வாதிடுவதற்கு எவரும் எதிரே இரார்.

ஆகவே, மூல அடுக்கா, புதிய அடுக்கா என்னும் கேள்வி முழுமையான கேள்வியன்று. காலத்துக்கேற்ப அடுக்கு மாறியே தீரும். அண்ணாவிமாரும் தத்தம் காலத்தில் மாற்றியே வந்தனர். மாற்றும் உரிமை ஆடுவோர்க்கும் அவரைச் சூழ்ந்திருப்போர்க்கும் உண்டா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அடுக்குப் பார்த்தல் என்று ஒரு சொல்லை ஆக்கி, அதனை ஊரின் முன் செய்யும் வழக்கையும் ஆக்கிவைத்த மக்கள் இதற்கு என்றோ விடை கூறிவிட்டனர். வந்தாறுமூலையிலும் கிரானிலும் கல்குடாவிலும் வளரும் பிள்ளைகள் அந்த உரிமையைக் கையேற்கவேண்டும். அவர்கள் அடுக்கட்டும், ஊர் கூடியிருந்து பார்க்கட்டும்.